பிள்ளைப் பேறும் வைகறைப் பொழுதும்

"மழைப் பேறும் பிள்ளைப் பேறும் மகாதேவனுக்கும் தெரியாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதன் முற்பாதியைக் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளவர்கள் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மேற்குக் கடலை நோக்கி வீணே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்று வெள்ளத்தை அணை கட்டி நிறுத்தி, மலையைக் குடைந்து, 1895-ஆம் வருஷத்தில் கிழக்கே திருப்பிவிட்டார் பென்னிகுயிக் என்ற என்ஜினீயர். அதன் பயனாக இப்பள்ளத்தாக்கில் 14,000 ஏக்கருக்கு மேல் இரு போகம் விளையும் நன்செய் ஆயிற்று. நன்றி மறவாத அவ்வூர் ஜனங்கள் தங்கள் குழந்தைகள் சிலருக்குப் பென்னிகுயிக் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். மழைப் பேற்றை ஓரளவு மனிதன் கைக்குள் கொண்டுவந்து விட்டான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் அந்தப் பெயரைத் தாங்கப் போகும் குழந்தை எந்த வேளையில் பிறக்கும்? பழமொழியின் பிற்பாதியாகிய அந்தக் கேள்வி மட்டும் கம்பத்திலும் சரி, காசியிலும் சரி, இன்றுவரை வீட்டாரைத் தூங்க விடாமல் செய்துகொண்டுதான் இருக்கிறது. "தூங்க விடாமல்" என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பெற்றெடுத்த பாட்டிமார்களைக் கேட்டால், "நடுநிசிக்கு மேல்தான் வலி கண்டது, கோழி கூவும் நேரத்தில் குழந்தை பிறந்தது" என்று சொல்பவர்கள் எத்தனையோ பேர். இது வெறும் தற்செயலா, அல்லது இதில் இயற்கையின் நியதி ஏதேனும் உண்டா? இந்த விஷயத்தைச் சற்று விசாரித்துப் பார்ப்பது, பிரசவத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது.

ஒரு நாழிகைக்காக

பிறக்கும் வேளையைப் பற்றி நம்மவர்களைப்போல் கவலைப்பட்டவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை. பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்து, ஒவ்வொரு நாழிகைக்கும் 24 நிமிஷம் என்று கணக்கிட்டு, சுமார் 5 நாழிகைக்கு ஒரு லக்கினமாகப் பன்னிரண்டு லக்கினங்களை வகுத்தார்கள் நம் முன்னோர்கள். குழந்தை எந்த லக்கினத்தில் பிறந்தது என்பதை வைத்து ஜாதகம் எழுதினார்கள். ஆகவே, பிரசவ அறைக்கு வெளியே நாழிகை பார்த்துச் சொல்வதற்கென்று ஒருவர் நிற்பது அக்காலத்து வழக்கமாயிருந்தது. தலை தெரிந்த நேரமா, முழுதும் வெளிவந்த நேரமா, முதல் அழுகை கேட்ட நேரமா, எதைப் பிறந்த நேரமாகக் கொள்வது என்று ஜோதிடர்களுக்குள்ளேயே வாதங்கள் உண்டு.

நாம் கொண்டாடும் அவதாரங்களிலும் இந்த வேளைக் கணக்கு இருக்கிறது. ஸ்ரீராமன் நடுப்பகலில் பிறந்தான். கண்ணனோ நள்ளிரவில், அதுவும் சிறைச்சாலையில், பிறந்தான். நல்ல வேளைக்காக அரண்மனைதான் காத்திருக்க வேண்டும் என்பதில்லை என்று காட்டுவதற்காகவே கண்ணன் அப்படிப் பிறந்தான் போலும்!

நல்ல வேளைக்காகக் காத்திருந்த ஓர் அரண்மனையின் கதையைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லியிருக்கிறார். சுபதேவன் என்ற சோழ மன்னனின் மனைவி கமலவதி. பிரசவ வேதனையில் அவள் துடித்துக்கொண்டிருக்கும்போது, "இன்னும் ஒரு நாழிகை கழித்துக் குழந்தை பிறந்தால் அவன் மூவுலகும் ஆள்வான்" என்று காலக் கணிதர்கள் கூறினார்கள். உடனே அந்த ராணி, தன் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கி நிறுத்தும்படி சொன்னாள். அவ்வாறே செய்தார்கள். குறித்த காலம் வந்ததும் கட்டவிழ்த்துவிட, குழந்தை பிறந்தது. நேரம் நீடித்ததால் அதன் கண்கள் சிவந்திருந்தன. அவனே பிற்காலத்தில் சிவாலயங்கள் பல கட்டிய கோச்செங்கட் சோழன். கதையைக் கேட்பவர்கள் சாதாரணமாக இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் புராணம் இன்னொன்றும் சொல்கிறது: குழந்தையின் சிவந்த கண்களை ஒரு முறை பார்த்துவிட்டுத் தாய் இறந்து போனாள்.

இருபத்துநான்கு நிமிஷத்துக்கு ஒரு தாயின் உயிர் விலையாயிற்று. பக்தர்கள் இந்தக் கதையில் இறைவனின் திருவிளையாட்டைக் காண்கிறார்கள், காணட்டும். வைத்தியர்கள் இதில் காண்பது வேறு. பிரசவத்தின் நேரத்தை வெளியிலிருந்து மாற்ற முயன்றால், கணக்கைத் தாய்தான் தீர்க்க வேண்டியிருக்கும் என்பதே அது.

கணக்கெடுத்தவர்கள் கண்டது

மனிதன் தலையிடாமல் விட்டால், குழந்தைகள் எந்த நேரத்தில் பிறக்கின்றன? 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பெல்ஜியம் தேசத்துக் கணித அறிஞர் கெத்தலே என்பவர், பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவக் கணக்குகளை எடுத்து மணி வாரியாகப் பிரித்துப் பார்த்தார். பகலில் நான்கு குழந்தைகள் பிறந்தால் இரவில் ஏறக்குறைய ஐந்து பிறப்பதாக அவர் கண்டார்.

அதைவிட மிகப் பெரிய கணக்கு ஒன்று இங்கிலாந்தில் எடுக்கப்பட்டு, 2018-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. 2005 முதல் 2014 வரையில் அந்நாட்டுப் பொது ஆஸ்பத்திரிகளில் நிகழ்ந்த 50 லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களை அதில் ஆராய்ந்தார்கள். மருந்து கொடுத்து வலியை உண்டாக்காமல், ஆயுதமும் ஆபரேஷனும் இல்லாமல், தானே வலி கண்டு தானே பிறந்த குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது உண்மை பளிச்சென்று தெரிந்தது. இரவு 1 மணியிலிருந்து காலை 7 மணிக்குள்ளாகவே அவை அதிகமாகப் பிறந்திருந்தன. உச்சம், விடியற்காலை 4 மணி. மிகக் குறைவு, பிற்பகல் வேளை.

விடியற்காலை 4 மணி என்பதை நம் கணக்கில் சொன்னால், சூரியோதயம் 6 மணி என்று கொண்டு, உதயாதி 55 நாழிகை. பழந்தமிழ் நூலார் இரவின் கடைசிப் பகுதிக்கு "வைகறை" என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். அதற்கு முற்பட்ட நள்ளிரவுக்கு "யாமம்" என்றார்கள். தொல்காப்பியம் யாமத்தைக் குறிஞ்சி நிலத்துக்கும் வைகறையை மருத நிலத்துக்கும் உரிய பொழுதாகச் சொல்கிறது. இரு பக்கமும் மலைகள் சூழ, நடுவே நெல் வயல் விரிந்து கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு, குறிஞ்சியும் மருதமும் கைகோத்து நிற்கும் இடம். அதன் இரண்டு பொழுதுகளுமே பிள்ளைப் பேற்றுக்கு உரிய பொழுதுகளாக அமைந்திருப்பது ரஸமான பொருத்தமல்லவா!

இருளின் உதவி

இதற்குக் காரணம் என்ன? நம் உடம்புக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பசி, தூக்கம், உடல் வெப்பம் முதலியவை இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஏறி இறங்குவது அதன் வேலை. கர்ப்பப்பையும் அந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதே. நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கு மாலை மயங்கியதும் வயிறு இறுகி இறுகி விடுவதும், "சூட்டு வலி" என்று சொல்லி வீட்டார் கஷாயம் வைத்துக் கொடுப்பதும், காலையில் அது அடங்கிப் போவதும் எல்லோரும் அறிந்ததே.

கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்வது ஆக்ஸிடோஸின் என்னும் சுரப்பு நீர். இருட்டியதும் மூளையில் ஊறுவது மெலடோனின் என்னும் மற்றொரு நீர். தூக்கத்தை அழைத்து வருவது இதுதான். கர்ப்பப்பையின் தசையில் இந்த இரண்டையும் சேர்த்துச் சோதித்தபோது, மெலடோனின் ஆக்ஸிடோஸினுக்குத் துணை நின்று சுருக்கத்தை வலுப்படுத்துவதாக விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். கண்ணைக் கூசும் வெளிச்சம் பட்டால் மெலடோனின் குறைந்துவிடும். ஆகவே, இருள் பிரசவத்துக்குப் பகையன்று; ஒரு விதத்தில் மருத்துவச்சியின் உதவியாளே அது.

இதில் மற்றொரு நியாயமும் இருக்கலாம் என்கிறார்கள். ஆதி மனிதர் பகலெல்லாம் இரை தேடிச் சிதறித் திரிந்தார்கள்; இரவில்தான் கூட்டமாக ஓரிடத்தில் சேர்ந்திருந்தார்கள். தாயும் சிசுவும் மிகவும் பலவீனமாயிருக்கும் அந்த நேரத்தில், சுற்றிலும் உற்றார் இருப்பது பாதுகாப்பல்லவா? பகலில் நடமாடும் குரங்கினங்கள் இரவில் குட்டி போடுவதும், குதிரைகள் பெரும்பாலும் இரவிலேயே ஈனுவதும் இந்த ஊகத்துக்குப் பொருந்தியே இருக்கின்றன.

மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு சுவையான செய்தி. கானடா தேசத்து மானிடோபா மாகாணத்தில் கோனெஃபல் என்ற ஒரு குடியானவர், சினை மாடுகளுக்கு இரவில் தீனி வைத்தால் அவை பெரும்பாலும் பகலிலேயே கன்று ஈனுவதைக் கவனித்துச் சொன்னார். பிற்பாடு பலர் சோதித்து அதை உறுதிப்படுத்தினார்கள். இதைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள கர்ப்பிணிக்கு ராச் சாப்பாட்டை இரட்டிப்பாக்கிவிட வேண்டாம் என்று மாமியார்களை வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறோம். மாட்டுக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

தலைச்சன் பிள்ளைக்கு வலி நெடுநேரம் நீடிப்பது வழக்கம். இரவில் வலி கண்டு மறுநாள் பகல் வரை இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. ஆகவே, வைகறைக் கணக்கு பொதுவான போக்கைச் சொல்வதேயன்றி, ஒவ்வொரு தாய்க்கும் எழுதி வைத்த விதியாகாது.

கடிகாரம் மாறிய கதை

இயற்கையின் கணக்கு இவ்வாறிருக்க, ஆஸ்பத்திரியின் கணக்கு வேறொன்றாகிவிட்டது. 2013-ஆம் வருஷத்துக்கான அமெரிக்க ஐக்கிய நாட்டுப் புள்ளி விவரங்களைப் பாருங்கள். அங்கே அதிகமான குழந்தைகள் பிறந்தது காலை 8 மணியை ஒட்டியும் நண்பகல் 12 மணியை ஒட்டியுமே. நள்ளிரவுக்கும் காலை 7 மணிக்கும் இடையில்தான் மிகக் குறைவு! ஆனால் அதே தேசத்தில், ஆஸ்பத்திரிக்கு வெளியே பிறந்த குழந்தைகளோ, பழைய வழக்கப்படி, இரவு 1 மணிக்கும் 5 மணிக்கும் இடையில்தான் அதிகம். அமெரிக்கக் குழந்தைகளின் சுபாவம் மாறிவிடவில்லை. டாக்டர்களின் வேலை நேரத்துக்குத் தக்கபடி ஆபரேஷன்களும், வலி உண்டாக்கும் மருந்துகளும் நேரத்தை மாற்றியிருக்கின்றன.

நம் தமிழ்நாட்டில் இந்த மாறுதல் இன்னும் வேகமாக நடந்திருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இங்கே 100 பிரசவங்களில் சுமார் 45 சிஸேரியன் ஆபரேஷன். சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 36. தனியார் ஆஸ்பத்திரிகளில் ஏறக்குறைய 64. இந்தியா முழுமைக்கும் சேர்த்துப் பார்த்தாலோ 100-க்கு 21 அல்லது 22-தான். 10 முதல் 15 வரை இருந்தால் போதுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டிய நிபுணர்கள் 1985-ஆம் வருஷத்தில் கருத்துத் தெரிவித்திருந்தார்கள்.

சிஸேரியன் ஆபரேஷனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. குழந்தை குறுக்கே கிடந்தாலும், நஞ்சுக்கொடி வாயிலை அடைத்துக்கொண்டிருந்தாலும், சிசுவின் இருதயத் துடிப்பு தளர்ந்தாலும், அந்தக் கத்திதான் இரண்டு உயிர்களையும் காக்கிறது. நாம் கவலைப்படுவது வேறொரு பழக்கத்தைப் பற்றி. படித்த குடும்பங்களிலேகூட, ஜோதிடரிடம் நாளும் லக்கினமும் குறித்து வாங்கிக்கொண்டு போய், "இந்த மணிக்குள் குழந்தையை எடுத்துக் கொடுங்கள்" என்று டாக்டரைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கமலவதியின் கயிற்றுக்குப் பதிலாகக் கத்தி வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தக்க காரணமின்றி 39 வாரம் நிறைவதற்கு முன்பே ஆபரேஷன் செய்து எடுத்தால், சிசுவுக்கு மூச்சுத் திணறல் உண்டாகும் அபாயம் அதிகம். மறு புறத்தில், உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டுமென்று டாக்டர் சொல்லும்போது, "ராகு காலம் கழியட்டும்" என்று கையெழுத்துப் போடத் தாமதிப்பது அதைவிட அபாயம். ராகு காலம் ஒன்றரை மணி நேரம். பிராணவாயு குறைந்த சிசுவின் மூளையோ சில நிமிஷங்கள்கூடப் பொறுக்காது. பிறந்த குழந்தைக்கு ஜாதகம் எழுதுவதுதான் நம் பெரியோர்கள் கண்ட முறை. எழுதி வைத்த ஜாதகத்துக்கு ஏற்ற குழந்தையைப் பிறப்பிக்கச் சொல்வது எந்த முறையோ, தெரியவில்லை.

மூன்று முறை தட்டிய கதவு

குழந்தை இரவில் வருகிறது என்றால், நாம் செய்யத்தக்கது அதன் வேளையை மாற்றுவதன்று. அந்த வேளையில் விழித்திருக்க ஒருவரை ஏற்படுத்துவதே. இதை ஒரே இரவில் உணர்ந்த ஒரு பெண்மணியின் வரலாறு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

1890-களில் ஓர் இரவு. திண்டிவனத்தில் பாதிரி டாக்டர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கட்டர், அமெரிக்காவிலிருந்து தாயைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தாள். கதவு தட்டப்பட்டது. பிராமண இளைஞர் ஒருவர், தன் மனைவி பிரசவ வேதனையில் சாகக் கிடப்பதாகச் சொல்லி அவளை அழைத்தார். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் வருவார்" என்றாள் ஐடா. வேற்று ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதை ஏற்காமல் அவர் திரும்பிவிட்டார். அதே இரவில் முஸ்லிம் ஒருவரும், பின்னர் மற்றொரு ஹிந்துவும் இதே வேண்டுகோளுடன் வந்து, இதே பதிலைப் பெற்றுச் சென்றார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி கிடைத்தது. அந்த இரவுதான் ஐடாவை வைத்தியம் படிக்கத் தூண்டியது. 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் சிறு வைத்தியசாலை தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்று வைத்தியப் பள்ளி நிறுவினார். இன்று உலகப் புகழ் பெற்றிருக்கும் வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியின் வித்து, இரவில் வந்த மூன்று பிரசவங்களே.

அந்த இரவில் குறைவாயிருந்தது நல்ல நேரமா? இல்லை. பயிற்சி பெற்ற ஒரு ஜோடிக் கைகள்.

பிற்காலத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் செய்த ஏற்பாடுகளில் மிகவும் புத்திசாலித்தனமானது எது என்று கேட்டால், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸுகளை நியமித்து, ஒருவர் மாற்றி ஒருவராக இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கச் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். மாலை 5 மணிக்குப் பூட்டப்படும் வைத்தியசாலை, வைகறையில் வரும் குழந்தைக்கு என்ன பயன்? 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வண்டிகளும் வந்து சேர்ந்தன. இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களுமே ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன. 2018 முதல் 2020 வரையிலான கணக்கின்படி, ஒரு லட்சம் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது, தமிழ்நாட்டில் அந்த எண் 54 ஆக இருந்தது.

மலையடிவாரத்தில்

இந்த ஏற்பாடுகளின் அருமை கம்பம் பள்ளத்தாக்கில் நன்றாக விளங்கும். கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம், போடி முதலிய ஊர்களில் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. மிகவும் சிக்கலான பிரசவமானால் க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கம்பத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பகலில் பஸ்ஸுக்குப் பஸ் இருக்கும் அந்தப் பாதை, இரவு 2 மணிக்கு வேறு பாதையாகிவிடுகிறது.

மலைமேல் நிலைமை இன்னும் கடினம். வைகறை இருட்டிலேயே கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு, எல்லை தாண்டி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஏராளம். மேகமலையின் தேயிலைத் தோட்டங்களிலே குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்கள், வளைவு மேல் வளைவாக இறங்கித்தான் சின்னமனூரை அடைய வேண்டும். தேனி ஜில்லாவில் சாலையே இல்லாத சில மலைக் கிராமங்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகள் பத்திரிகைகளில் வெளியாகி வந்திருக்கின்றன. யானை நடமாடும் காட்டுப் பாதையில், நடுநிசியில், வலி கண்ட பெண்ணுடன் இறங்குவது எப்படிப்பட்டது என்று சமவெளியில் இருப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய இடங்களில் உள்ள கர்ப்பிணிகளைக் குறித்த நாளுக்குச் சில தினங்கள் முன்பே அடிவாரத்து ஊருக்கு அழைத்து வந்து தங்க வைப்பதே விவேகம்.

வீட்டார் செய்ய வேண்டியது

பிரசவம் இரவில் வரும் என்று எதிர்பார்த்தே ஏற்பாடு செய்யுங்கள். எட்டாவது மாதத்திலேயே எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, உடன் போகிறவர் யார் என்று தீர்மானித்துவிடுங்கள். 108 என்ற எண்ணை வீட்டிலுள்ள சிறுவர்களுக்கும் சொல்லி வையுங்கள். பரிசோதனைச் சீட்டு, ரத்தத்தின் வகை எழுதிய காகிதம், துணிமணி, கை விளக்கு ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வாசற்படிக்கருகில் வையுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தப் போக்குக் கண்டாலோ, கடும் தலைவலியுடன் பார்வை மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, பஞ்சாங்கத்தைத் தேடாமல் வண்டியைத் தேடுங்கள். "விடியட்டும், போகலாம்" என்ற வார்த்தை பல தாய்மார்களுக்கு விடியாத இரவாக முடிந்திருக்கிறது.

பள்ளத்தாக்கின் வயல்களுக்குத் தண்ணீர் வந்தது நல்ல வேளை பார்த்ததால் அல்ல. எந்த மாதம் எவ்வளவு மழை பெய்யும், எங்கே தேக்குவது, எந்த வழியாக விடுவது என்று கணக்கிட்டு முன்கூட்டியே செய்த ஏற்பாட்டினால் வந்தது. மேகத்தைப் பெய்யச் சொல்ல முடியாதென்று பென்னிகுயிக் அறிவார். பெய்யும்போது தயாராயிருக்க முடியும் என்றும் அறிவார். பிள்ளைப் பேற்றுக்கும் அதுவே வழி. குழந்தை தனக்கு இஷ்டமான வேளையில் வரட்டும். அந்த வேளையில் வீட்டில் ஒரு விளக்கும், வாசலில் ஒரு வண்டியும், ஆஸ்பத்திரியில் விழித்திருக்கும் ஒரு நர்ஸும் இருந்துவிட்டால், அதுவே அந்தக் குழந்தைக்குச் சுப லக்கினம்.